மாமியார் முறை வக்கீல்

ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் எங்கள் பழங்குடி மக்களுக்காகச் சட்ட உதவியில் வாதாடும் ரோஸ்வின், குடும்பம் இல்லாத வெள்ளைக்காரி. வெகுகாலம் எங்களோடு திரிந்தவளை எங்கள் பெண்கள் உறவில் சேர்த்து, 'நபனங்கா' என்ற குலப்பெயரைக் கொடுத்தார்கள். யாருக்கு யார் என்ன முறை என்பதை எங்களில் அந்தப் பெயர்தான் சொல்லும். அதன்பின் அந்தப் பெயரில் கூப்பிட்டால்தான் திரும்புவாள்.

தன் அப்பாவின் அடக்கத்துக்குப் போக ஜாமீன் வேண்டியிருந்த டெல்வின், அவளைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"வாயில என்னடா கொழுக்கட்டையா?" என்றேன். நான் மொழிபெயர்ப்பாளர்.

"நபனங்கான்னா எனக்கு மாமியார் முறை, அக்கா. முகத்தப் பாத்துப் பேசினா ஊர்ல காறித் துப்புவாங்க."

ரோஸ்வின் நாற்காலியைக் கதவுக்கு வெளியே போட்டுக்கொண்டாள். கேள்வியும் பதிலும் என் வழியாகப் போய்வந்தன. நீதிமன்றத்திலும் டெல்வின் அவளுக்கு முதுகைக் காட்டியே நின்றான்.

"சொந்த வக்கீலையே மதிக்காதவன் நிபந்தனையை மதிப்பானா?" என்றார் நீதிபதி.

"மதிக்கறதாலதான் திரும்பி நிக்கறாருங்க" என்று அவள் விளக்கினாள். ஜாமீன் கிடைத்தது.

வாசலில் எல்லோரும் அடக்கத்துக்குப் போகும் வண்டியில் ஏறினோம். அவள் தூண் மறைவில் நின்றாள்.

"நீயும் வாயேன், நபனங்கா" என்றேன்.

"நான் ஏறினா மருமகன் இறங்கிடுவாரே. கதவைச் சாத்து, நேரமாகுது."