தடை அறிந்தவள்

மூன்று ஞாயிறும் நான் மாதா கோவிலில் இருந்தேன். எங்கள் கடற்கரைப் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்பு மூன்று வாரம் பூசையில் ஓலை வாசிப்பார்கள். மாப்பிள்ளை இன்னார் மகன், பெண் இன்னார் மகள் என்று வாசித்துவிட்டு, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று சாமியார் முடிப்பார். என் அண்ணனுக்கு வாசித்தபோது நான் பாடகர் குழுவில் நின்றேன். அம்மா சந்தோஷத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தடை அறிந்தவள் அந்தக் கோவிலில் ஒருத்திதான். அவள் அடுத்த பாட்டின் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அண்ணன் வளைகுடாவில் விசைப்படகு வேலைக்குப் போனவன். விசா புதுப்பிக்க இரத்தம் எடுத்துப் பார்த்தவர்கள் ஒரே வாரத்தில் விமானம் ஏற்றிவிட்டார்கள். முதலாளி படகை விற்றுவிட்டான் என்று வீட்டில் சொன்னான். என்னிடம் மட்டும் ஒரு தாளை நீட்டினான். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் இங்கிலீஷ் வாசிக்கிறவள் நான்தான். எச்.ஐ.வி. என்பதை வாசிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. அதில் வேறு ஏதாவது எழுதியிருக்காதா என்ற ஆசையில்தான் நீட்டினான் போல. ஒருவரிடமும் சொல்லக்கூடாது என்று செபமாலையைத் தொட்டுச் சத்தியம் வாங்கினான்.

அம்மா பெண் பார்க்கத் தொடங்கியதும், பெண்ணிடம் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னான். நிச்சயத்துக்கு முன்பு என்றான், ஓலைக்கு முன்பு என்றான், தாலிக்கு முன்பு என்றான். சொல்லாமலேயே தாலியும் கட்டினான். நானும் சும்மா இருக்கவில்லை, எனக்கு நானே வக்கீலாக வாதாடினேன். ஞானோபதேச வகுப்பில் தடை என்றால் இரத்த உறவு, முந்தின கல்யாணம் என்றுதான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நோய் அதில் சேராது என்று தீர்ப்பும் நானே எழுதிக்கொண்டேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அண்ணன் கெட்டவன் என்றால் இதை எழுதுவது எளிது. கட்டிவந்த மைனிக்கு, என் அண்ணிக்கு, மீனில் முள் எடுத்து வைப்பான். கடற்கரையில் பிறந்த பெண்ணுக்கு முள் எடுத்துக் கொடுக்கிறாயே என்று நான் கேலி செய்திருக்கிறேன். மாத்திரையை ஒழுங்காகத் தின்றால் கிருமி அடங்கிவிடும், மனைவிக்குப் பரவாது என்று டாக்டர் அவனிடம் சொல்லியிருந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் அது இலவசம்தான். ஆனால் மாத்திரை வரிசைக்குப் பக்கத்தில் ஊர்க்காரர் ஒருவரைக் கண்ட அன்றோடு போவதை நிறுத்திவிட்டான். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மைனிக்கு மூன்றாம் மாதம் நடந்தபோது, கர்ப்பிணிகள் எல்லோருக்கும் எடுக்கிற இரத்தப் பரிசோதனையில் அவளுக்கும் இருப்பது தெரிந்தது. தனக்கும் இப்போதுதான் தெரிகிறது என்று அண்ணன் சாதித்தான். அவள் நம்பவில்லை. தக்கலையில் ஒரு வக்கீலைப் பார்க்க என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். அந்த வீட்டில் அவள் நம்பிய ஆள் நான் ஒருத்திதான்.

தெரிந்தே நோயைப் பரப்பினால் வழக்குப் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்றார் வக்கீல். ஆனால் கல்யாணத்துக்கு முன்பே அவருக்குத் தெரியும் என்று சொல்ல ஆள் வேண்டும், அப்படி யாராவது உண்டா என்று கேட்டார்.

“யாருமில்ல சார்,” என்றாள் மைனி. “தெரிஞ்சிருந்தா ஒருத்தராவது எனக்கிட்ட சொல்லியிருப்பாவ.”

“எனக்குத் தெரியும் மைனி,” என்றேன்.

சாட்சி கிடைத்துவிட்டதென்று வக்கீல் பேனாவை எடுத்தார். மைனி காகிதங்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். பேருந்து நிலையம் வரைக்கும் எனக்கு முன்னால் நடந்தாள். பஸ் வந்து நின்றபிறகுதான் கேட்டாள்.

“அவரு பயந்து சொல்லல்ல. பயப்பட ஒனக்கு என்ன இருந்துது மக்கா?”

நோயை மறைக்கிறவனைச் சிறையில் போட வேண்டுமா என்று யாராவது பேசும்போது நான் வாயைத் திறப்பதில்லை. மைனியை நினைத்தால் போடத்தான் வேண்டும். அண்ணன் அந்த வரிசையை விட்டு ஓடியதை நினைத்தால், ஜெயில் உண்டு என்று தெரிந்திருந்தால் என்னிடம்கூட அந்தத் தாளைக் காட்டியிருக்க மாட்டான் என்று தோன்றுகிறது. தெரிந்தும் சும்மா இருந்தவளை எதில் சேர்ப்பது என்று யாரும் பேசுவதில்லை.

மைனி வழக்குப் போடவில்லை, தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். மருந்து எடுத்ததால் பிள்ளைக்கு நோய் வரவில்லை. பிள்ளைக்கு ஒரு வயதானபோது அண்ணனிடம் திரும்பி வந்தாள். இப்போது இருவரும் சேர்ந்துதான் மாத்திரை வாங்கப் போகிறார்கள். அவனோடு பேசுகிறாள், சண்டையும் போடுகிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது.

போன வருடம் எனக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்த அன்று, அடுக்களையிலிருந்து மைனி வெளியே வந்து, நாள் குறிக்கும் முன்பு ரெண்டுபேருக்கும் ரத்தம் பார்க்க வேண்டும் என்றாள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் கறுத்தது. உனக்கு ஏன் அப்படித் தோன்றுகிறது என்று அவர் கேட்டபோதும் மைனி அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. ஊருக்கு இதுவரை தெரியாத அவளுடைய நோயை யாராவது அந்த நிமிடத்தில் ஊகித்திருக்கலாம். அண்ணன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். கடைசியில் மாப்பிள்ளைதான் சரி என்றார்.

நான் மைனியின் பின்னாலேயே அடுக்களைக்குப் போய் அவள் கையைப் பிடித்தேன். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, டம்ளர்களைக் கழுவத் தொடங்கினாள். எனக்காகப் பேசிவிட்டாள். என்னோடு இன்னும் பேசவில்லை.