மெத்தைக்காரரின் வயிற்றெரிச்சல்

என் வீட்டுக்காரர் மெத்தைக் கடையில் விற்பனையாளர். பதினேழு வருடமாக ஊருக்கெல்லாம் தூக்கம் விற்றவர், நடுவில் இரண்டு வருடம் தனக்கு ஒரு பொட்டுத் தூக்கம் இல்லாமல் தவித்தார். வாடிக்கையாளர் முன்னால் மெத்தையில் படுத்துக் காட்டுவது அவர் பாணி. "இடுப்புக்குக் கீழ கைய விட்டுப் பாருங்க, இடைவெளி இருக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே ஒருநாள் அப்படியே தூங்கிவிட்டார். வாங்க வந்த தம்பதி அவர் குறட்டையைக் கேட்டு, அந்த மெத்தையையே வாங்கிப் போனார்கள். கடை முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

கோளாறு வயிற்றில். கடையில் மதியச் சாப்பாடு நாலு மணிக்கு. வீட்டில் இரவுச் சாப்பாடு பத்தரைக்கு, அதுவும் காரசாரமாக, வயிறு முட்ட. சாப்பிட்ட கையோடு படுப்பார். அரை மணியில் வயிற்றிலிருந்து நெஞ்சு வரை எரியும். எழுந்து உட்கார்ந்தால் தணியும், படுத்தால் திரும்ப வரும். விடியும்வரை இதே கதை.

என் தங்கை வீட்டுக்காரரும் அதே கடையில்தான் இருக்கிறார். அவருக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே இவர்தான். முதலாளி அவரை மேலாளர் ஆக்கிய அன்று, கண் சிவந்து நின்ற இவரிடம், "என்ன சகலை, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டிருக்கிறார்.

இவர் பச்சைப்பிள்ளை மாதிரி உண்மையைச் சொன்னார். "வயித்தெரிச்சல் சகலை. ராத்திரி பூரா தூக்கமே இல்ல."

அன்றைக்குப் பார்த்தா அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும்? கொஞ்சம் மேலே தள்ளி, நெஞ்செரிச்சல் என்று சொல்லியிருந்தாலாவது தப்பித்திருப்பார். தனக்குப் பதவி வந்ததில் சகலைக்கு வயிறு எரிகிறதாம், தூக்கமே வரவில்லையாம், அவர் வாயாலேயே ஒத்துக்கொண்டாராம் என்று அந்த ஆள் முதலாளியிலிருந்து என் அப்பா வரைக்கும் பரப்பிவிட்டார். மறுவாரமே இவரைக் குடோனில் போட்டார்கள். பொறாமை பிடித்த மனிதரை வாடிக்கையாளர் முன்னால் நிறுத்தக் கூடாதாம். மெத்தையில் படுத்துக் காட்டியவர் மெத்தையைத் தோளில் தூக்கினார். "பெரிய மாப்பிள்ளைக்கு ஏன் இந்தப் புத்தி?" என்று அப்பா என்னிடமே கேட்டார். இவர் எங்கே போய் வயிறு எரிகிறது என்றாலும், "யார் மேல?" என்று கேட்டுச் சிரித்தார்கள். கடைசியில் வயிற்றைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். அந்த ஆளை நான் சும்மா விடுவதாக இல்லை. பேசிய வாயாலேயே அதை இல்லையென்று சொல்ல வைக்காமல் ஓயமாட்டேன் என்று அன்றே முடிவு செய்தேன்.

இரண்டு வருடம் கழித்துத்தான் டாக்டரிடம் வரச் சம்மதித்தார். "படுத்தா அமிலம் மேல ஏறுது, தூக்கம் போகுது. தூக்கம் போனா வயிறு இன்னும் கெடுது. ரெண்டும் ஒண்ண ஒண்ணு கெடுத்துக்கும்" என்றார் டாக்டர். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே, அளவாகச் சாப்பிடச் சொன்னார். இடது பக்கம் படுக்கச் சொன்னார். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே மரக்கட்டை வைக்கச் சொன்னார். ஏழு மணிக்கே தட்டை வைத்தேன். ஒரே மாதத்தில் மனிதர் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினார். தூக்கம் திரும்பி வந்தது, பெயர் வரவில்லை.

அப்போதுதான் தங்கை வீட்டுச் சுவருக்கு வண்ணம் அடித்தார்கள். வாசனை தாங்காமல் தங்கை, அவள் வீட்டுக்காரர், அவர்களோடு இருக்கும் அப்பா மூவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தேடிப் போகாமலே கையில் வந்து விழுந்தார் மனிதர். மற்றவர்களுக்கு ஏழு மணிக்குச் சாப்பாடு. தாமதமாக வரும் மேலாளருக்கு மட்டும் பத்தரைக்கு, எண்ணெயில் பொரித்ததும் காரமும். "இன்னும் ஒரு கரண்டி, தம்பி" என்று நானே நின்று பரிமாறினேன். படுக்கையைத் தட்டையாகப் போட்டு, இருப்பதிலேயே மெல்லிய தலையணையைக் கொடுத்தேன். செய்தது பாவம் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

மூன்றாம் நாள் காலை எல்லோரும் காபியோடு உட்கார்ந்திருந்தோம்.

"ஏன் தம்பி, கண்ணு இப்படிச் செவந்திருக்கு?"

"வயித்தெரிச்சல்க்கா. ரெண்டு ராத்திரியா தூக்கமே இல்ல."

"யார் மேல தம்பி?"

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். தங்கை வீட்டுக்காரரின் முகம் வெளுத்தது. "யார் மேலயும் இல்லக்கா. நெசமாவே வயிறுதான்."

"அவருக்கும் நெசமாவே வயிறுதான் தம்பி. போன எடுங்க. யார் யார்கிட்ட சொன்னீங்களோ அத்தன பேர்கிட்டயும் இப்ப சொல்லுங்க. அப்புறம் நான் வைத்தியம் சொல்றேன்."

முதல் அழைப்பு முதலாளிக்கு. "அவருக்குப் பொறாமை எல்லாம் இல்லீங்க. வயிறுதான் எரிஞ்சிருக்கு. நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்." திங்கட்கிழமையிலிருந்து இவரைக் கடைக்கே வரச் சொல்லிவிட்டார் முதலாளி. அடுத்து சித்தப்பா, அத்தை, கடைப் பையன்கள் என்று ஒன்பது பேர். ஒவ்வொருவரிடமும் அதே வாக்கியம். அவருக்கு வேர்த்துக் கொட்டியது. நான் கையைக் கட்டிக்கொண்டு காது குளிரக் கேட்டேன். அப்பாவும் இவரிடம், "நானும் ஒரு வார்த்தை சொல்லிட்டேன் மாப்பிள்ளை, மனசுல வச்சுக்காதீங்க" என்றார்.

"அவ்வளவுதானா? யாரும் விட்டுப்போகலையே?" என்று கேட்டேன்.

இவர் எங்கள் கட்டிலுக்கு அடியிலிருந்து மரக்கட்டைகளை எடுத்துக்கொண்டு வந்தார், சகலைக்குக் கொடுக்க. "இன்னும் ஒருத்தர் இருக்காங்க" என்றார்.

"யாருங்க? சொல்லுங்க, அவங்களுக்கும் போட வைக்கிறேன்."

கட்டைகளைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்காமலே பேசினார். "அன்னைக்கு வீட்டுக்கு வந்து, வயிறு எரியுதுன்னு உன்கிட்டயும் சொன்னேன். அதுக்குள்ள உன் தங்கச்சி போன் பண்ணி, எனக்குப் பொறாமைன்னு சொல்லியிருந்தா. யார் மேலன்னு என்னை முதல்ல கேட்டது நீதான்."

சகலை கையில் போனை வைத்துக்கொண்டு, அடுத்து யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் என்னையே பார்த்தார்.