எஃப் ஏழின் மேல் ஒட்டிய பொட்டு

என் மேஜை ஓரத்தில் ஒரு பழைய கீபோர்டு கிடக்கிறது. இப்போதைய எந்தக் கம்ப்யூட்டரோடும் அது சேராது. அதன் வயர் நுழைகிற துளையே இன்றைய மெஷின்களில் கிடையாது. வெள்ளையாக வந்தது, மஞ்சள் பூத்துக் கிடக்கிறது. மேல் வரிசையில் எஃப் ஏழின் மேல் மட்டும் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. சிவப்பு வெளுத்து, ஓரம் தேய்ந்து, ஆனாலும் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆபீஸைப் பெருக்க வருகிற ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது, "அண்ணாச்சி, இதத் தூக்கிப் போட்டுரட்டா?" என்று கேட்டுவிட்டார்கள். போட முடியாது. நான் இந்த நாற்காலியில் இருக்கிற வரைக்கும் அது இங்கேதான் இருக்கும்.

அந்தப் பொட்டை ஒட்டியவர் எங்கள் டைப்பிஸ்ட் மதினி. தூத்துக்குடி துறைமுகத்துக்கு வெளியே, உர மூட்டையும் உப்பு மூட்டையும் ஏற்றி இறக்குகிற ஒரு காண்டிராக்ட் ஆபீஸில் நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். மதினிக்குச் சொந்த ஊர் மணப்பாடு. அவருடைய வீட்டுக்காரர் மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகும் தோணியில் இருந்தார். அவரை எல்லாரும் அண்ணாச்சி என்றதால் இவர் எல்லாருக்கும் மதினி. என்னைக் "கொழுந்தனாரே" என்று கூப்பிட்டுக் கேலி பண்ணுவார். என் வேலை கேட்டில் நின்று பட்டியலை வாசிப்பது. காலையில் கேட்டுக்கு வெளியே ஆட்கள் கூடி நிற்பார்கள். சரக்கு எவ்வளவோ அவ்வளவு பேருக்குத்தான் அன்றைக்கு வேலை. மேலிருந்து வாசித்துக்கொண்டே வருவேன். ஆள் போதும் என்றதும் நிறுத்திவிடுவேன். நிறுத்திய இடத்துக்குக் கீழே பெயர் இருந்தவர்கள் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

வரிசையை யார் போட்டார்கள் என்று கேட்கிறீர்களா? முதலாளியின் மருமகன். சின்ன முதலாளி என்போம். அவருக்கு வேண்டியவர்கள் ஏழெட்டுப் பேர் எப்போதும் மேலே. வேண்டியவர்கள் என்றால் சும்மா இல்லை, அவர் வீட்டுக்குக் கேஸ் சிலிண்டர் தூக்குகிறவர்கள், காரைக் கழுவுகிறவர்கள். அதற்குக் கூலி கிடையாது, பட்டியலில் மேலே இருப்பதுதான் கூலி. தருவைகுளத்திலிருந்து ஒரு அண்ணாச்சி வருவார், மூட்டையைத் தோளில் வாங்குகிற லாவகம் பார்க்க அழகாக இருக்கும். எப்போதோ ஒருநாள், உரம் கையை அரிக்கிறது, உறை தாருங்கள் என்று கேட்டுவிட்டார். அதோடு அவர் பெயர் கடைசிக்குப் போனது. தினமும் தூக்குச்சட்டியோடு வருவார், மூடி திறக்காத தூக்குச்சட்டியோடு பஸ் ஏறுவார். அநியாயம் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்ததில்லை.

மதினி அப்படி இல்லை. தோணியை நடத்துகிற தண்டலுக்கு வேண்டாதவர் என்று ஒரு பருவம் முழுக்கத் தன் வீட்டுக்காரரைத் தோணியில் ஏற்றாமல் கரையில் உட்கார வைத்ததைப் பார்த்தவர். பட்டியலை வேர்டில் ஒரு டேபிளாக அடித்து வைத்திருந்தோம். பெயர், ஊர், அவ்வளவுதான். வந்த சில வாரத்திலேயே மதினி மூன்றாவதாக ஒரு கட்டம் சேர்த்தார். கடைசியாக வேலைக்கு வந்த தேதி. யாருக்கு வேலை கிடைத்து அதிக நாள் ஆகிறதோ அவர் மேலே, நேற்று வந்தவர் கீழே. தினம் மெனுவுக்குள் போய் இதைச் செய்வானேன் என்று மேக்ரோ பதிவு செய்தார். செய்கிற வேலையை ஒரு தடவை பதிந்து வைத்துவிட்டால், பிறகு ஒரு கீயைத் தட்டினால் போதும், கம்ப்யூட்டர் அதை அப்படியே திரும்பச் செய்யும். பதிவு ஓடும்போது மவுஸ் அம்புக்குறியோடு ஒரு குட்டி கேசட் படம் தெரியும். "மூச்சு விடாதீரும் கொழுந்தனாரே, அதுவும் பதிஞ்சிரும்" என்று என்னை மிரட்டினார். அதற்கு எஃப் ஏழைக் கொடுத்தார். அது எழுத்துப்பிழை பார்க்கிற கீ. "நம்ம ஆளுவ பேரு பூராத்துக்கும் தப்புன்னு சிவப்புக் கோடு போடுதது இதுதான. இனி உருப்படியா ஒரு வேலை செய்யட்டும்" என்று சொல்லி, நெற்றியிலிருந்த பொட்டை எடுத்து அதன் மேல் ஒட்டினார்.

முதல் நாள் மானம் போனது. தலைப்பு வரியை விட்டுவிடு என்று சொல்ல மறந்திருக்கிறார். அதுவும் ஆட்களோடு ஆளாக வரிசைக்குள் போய்விட்டது. நான் பாட்டுக்குக் கேட்டில் நின்று, "பெயர்! ஊர்!" என்று கத்தினேன். "அவன் இன்னைக்கு லீவு, அடுத்தாளக் கூப்பிடும்வே" என்று ஒரு குரல். கூட்டம் சிரித்த சிரிப்பு மதினி இருந்த அறைவரை கேட்டது. அதைச் சரி செய்தால் அடுத்த கோளாறு. தேதியைத் தேதியாக எடுக்காமல் வெறும் எழுத்தாக எடுத்து அடுக்கியிருக்கிறது. அதனால் எந்த மாசமானாலும் ஒன்றாம் தேதி வேலைக்கு வந்தவன் உச்சியில் போய் உட்கார்ந்தான். மதினி தலையில் அடித்துக்கொண்டு, எழுத்து என்றிருந்ததைத் தேதி என்று மாற்றி மறுபடி பதிந்தார். மறுநாள் காலை முதல் பெயர் தருவைகுளத்து அண்ணாச்சி. அவர் நகரவே இல்லை. "எம்பேரா? நல்லாப் பாத்துச் சொல்லும்வே, விளையாடாதீரும்" என்றார். நான் தாளைத் திருப்பிக் காட்டினேன். தூக்குச்சட்டியை இடுப்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனார்.

சில மாதம் அப்படி ஓடியது. சின்ன முதலாளி துறைமுகம், கப்பல் என்று அலைந்துகொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. ஒருநாள் காரைக் கழுவ ஆள் வரவில்லை. அன்றைக்குக் கவனித்தார். நேரே மதினியிடம் வந்தார்.

"வரிசையை யாரு மாத்தச் சொன்னா?"

"நான் மாத்தல சார். தேதி மாத்துது."

"அந்தத் தேதிய யாரு போடுதா?"

"அவங்கவங்க வேலைக்கு வந்த நாள் சார் அது. நான் என்னத்தப் போட?"

அவருக்கும் கம்ப்யூட்டர் தெரியும். மேக்ரோ இருக்கிற இடத்தைத் தேடி அழித்தார். அவர் நாற்காலியை விட்டு எழுந்ததும் மதினி உட்கார்ந்து, அவர் பார்க்கவே மறுபடி பதிந்தார். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. சாயங்காலம் வந்து திரும்பவும் அழித்தார். "எத்தன தடவ அழிச்சாலும் பதியத் தெரியும் சார்" என்றார் மதினி. குரலை உயர்த்தவில்லை. "அப்ப நாளையிலருந்து நீங்க வர வேண்டாம்" என்றார் அவர். மதினி சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். இரண்டு பிள்ளைகள் படிக்கிற வீடு, தோணி எப்போது கரை சேரும் என்று தெரியாது. என்னைப் பார்த்து, "கீபோர்ட பத்திரமா வச்சிக்கிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் என் கையிலிருந்தது சின்ன முதலாளி போட்ட பழைய வரிசை. வாசித்தேன். முதல் பெயர்க்காரர் முன்னால் வந்தார், வழக்கமாகச் சிலிண்டர் தூக்குகிறவர். வந்தவர் கேட்டுக்குள் கால் வைக்கவில்லை. "என் தேதி நேத்து. எனக்கு முன்னால ஆளு நிக்காவ" என்றார். இரண்டாவது பெயர் வாசித்தேன், அவரும் அதையே சொன்னார். அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தேன். கேட்டுக்கு வெளியே வழக்கமான கும்பல் இல்லை. ஒருவருக்கொருவர் "உமக்குக் கடைசியா எப்ப?" என்று கேட்டுக்கேட்டு முன்பின்னாக நகர்ந்து, தாங்களே வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் இல்லை, பட்டியல் இல்லை. சின்ன முதலாளி வந்து கத்தினார், வேண்டியவர்களைப் பெயர் சொல்லிக் கெஞ்சக்கூடச் செய்தார். "வரிசை வந்த பெறவுதான் சார் எங்களுக்கு ஒங்க வீட்டு வேலை ஒழிஞ்சது" என்று அந்தச் சிலிண்டர்காரர் முகத்துக்கு நேரே சொன்னார். உள்ளே லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஒரு மூட்டை நகரவில்லை. நான் அந்தத் தாளை நான்காகக் கிழித்து என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். எனக்கு அப்போது பயமே இல்லை, சந்தோஷமாக இருந்தது.

மதியத்துக்கு மேல் பெரிய முதலாளியே மதினி வீட்டுக்குக் கார் அனுப்பினார். மதினி காரில் ஏறவில்லை, பஸ்ஸில் வந்தார். வந்தவர் நாற்காலியில் உட்காரும் முன் கம்ப்யூட்டரின் முகத்தை ஜன்னல் பக்கமாகத் திருப்பினார். வெளியே நிற்கிற எவனும் எட்டிப் பார்க்கலாம் என்றானது. கேசட் படம் வந்தது, போனது. எஃப் ஏழைத் தட்டினார். பெயர்கள் ஒரு குலுக்குக் குலுங்கித் தத்தம் இடத்தில் போய் நின்றன. ஜன்னலுக்கு வெளியே யாரோ விசிலடித்தார்கள். மதினி அங்கே இருந்த வரைக்கும் கம்ப்யூட்டர் முகம் அந்தப் பக்கமேதான் இருந்தது.

இப்போது அந்த ஆபீஸ் இல்லை. வேறொரு குடோனுக்கு நான்தான் பொறுப்பு. இங்கேயும் கடைசியாக வந்த தேதிப்படிதான் வரிசை. போன மாசம் எங்கள் கம்பெனி புதிதாக ஒரு ஆப் கொண்டுவந்தது. காலையில் போனுக்குச் செய்தி வரும், வந்தவன் வேலைக்கு வரலாம். அதைக் காட்ட வந்த பையனிடம், "முதல் ஆளு ஏன் முதல்ல வாரான்?" என்று கேட்டேன். "சிஸ்டமே எடுத்துக்கும் சார்" என்றான். எதை வைத்து எடுக்கும் என்றால் அவனுக்கும் தெரியவில்லை. அப்படியானால் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்போம் என்று மேலிடம் சொன்னது. முதல் நாள் காலையில் ஒரு இளைஞன் போனை நீட்டிக்கொண்டு என்னிடம் வந்தான். மதினியைப் பார்த்திராதவன், அப்படி ஒருவர் இருந்தார் என்பதே தெரியாதவன்.

"அண்ணாச்சி, எனக்கு வேலைன்னு வந்திருக்கு. என் தேதி நேத்து. இது தப்பு."

ஆப்பை நிறுத்தி வைத்திருக்கிறேன். கடைசியாக வேலைக்கு வந்த தேதியை எல்லார் போனிலும் தெரிகிற மாதிரி போட்டுத் தரட்டும், அப்புறம் பார்க்கலாம். மேலிடத்துக்குக் கோபம்தான். இருக்கட்டும். அன்றைக்கே மணப்பாட்டுக்குப் போன் போட்டு மதினியிடம் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "தேதின்னு போடச் சொன்னீரா, எழுத்துன்னு விட்டுட்டீரா?" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். போனை வைத்துவிட்டு, எதனோடும் சேராத அந்தக் கீபோர்டை இழுத்து எஃப் ஏழை ஒரு தடவை அழுத்தினேன். பொட்டு என் விரலோடு வரவில்லை.