துவரம்பருப்பு காட்டிக்கொடுத்தது

என் வீட்டுக்காரர் கடை மாறிவிட்டார் என்பதைத் துவரம்பருப்பை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். ஒரு சனிக்கிழமை டப்பாவில் கொட்டும்போது பருப்பு ஒரே அளவாக, ஒரே நிறமாக, பளபளவென்று விழுந்தது. எங்கள் தெருமுனைக் கடைப் பருப்பு அப்படி இருக்காது. அதில் உடைந்தது இருக்கும், தோல் ஒட்டியது இருக்கும். கல் மட்டும் இருக்காது, கல்லுக்காக நான் போட்ட சண்டை அப்படி. குப்பைக்கூடையைக் கிளறினேன். அடியில், பழைய பேப்பரில் சுருட்டி, தாம்பரம் மெயின் ரோட்டு சூப்பர்மார்க்கெட்டின் பிளாஸ்டிக் உறை கிடந்தது.

பேப்பரில் சுருட்டியிருந்ததுதான் என்னை உறுத்தியது. உறையைச் சும்மா போட்டிருந்தால் ஏதோ அவசரத்துக்கு வாங்கினார் என்று விட்டிருப்பேன். மறைத்திருக்கிறார். கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் இவர் என்னிடம் மறைத்தது இரண்டே விஷயம். ஒன்று சிகரெட். அது இரண்டாவது நாளே வெளியே வந்துவிட்டது. இன்னொன்று இந்தப் பருப்பு.

நான் சந்தேகக்காரிதான். இருபத்தாறு வருடமாகப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுக்கிறேன். "நானேதான் மிஸ் செஞ்சேன்" என்று வீட்டுப்பாடத்தை நீட்டும் முகங்களைப் பார்த்துப் பார்த்து இந்தப் புத்தி வந்ததா, பிறவியிலேயே இருந்ததா, தெரியாது. மிளகாய்த்தூள் வாங்கினால் தண்ணீரில் தூவிப் பார்ப்பேன். தேன் வாங்கினால் அதற்கு ஒரு சோதனை. யாராவது ஒரு பொருளை ஆகா ஓகோ என்று சொன்னால் அன்றோடு அதை வாங்குவதை நிறுத்திவிடுவேன்.

எங்கள் முடிச்சூரில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கடை நியாயம் உண்டு. மாடி வீட்டுப் பெண் எல்லாவற்றையும் போனிலேயே வரவழைக்கிறாள். பத்து நிமிடத்தில் தக்காளி வாசலுக்கு வந்துவிடுகிறது, அதை எந்தக் கை பொறுக்கியது என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. என்னோடு வேலை பார்க்கும் தமிழ் டீச்சர் தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து மார்க்கெட்டைத் தவிர எங்கும் காய் வாங்கமாட்டார். காலையில் லாரி இறங்கும்போதே அவர் அங்கே நிற்பதாகச் சொல்வார், நான் நம்பவில்லை. எனக்குத் தெருமுனைக் கடை. வெள்ளம் வந்த வருடம் அந்தக் கடைக்காரம்மா மாடியில் ஏற்றி வைத்த அரிசியையும் பால் பவுடரையும் தெருவுக்கே பிரித்துக் கொடுத்தார் என்பதை நான் எல்லோரிடமும் காரணமாகச் சொல்வேன். உண்மைக் காரணம் வேறு. அந்தக் கடையில் கேள்வி கேட்கலாம். எப்போது வந்த உளுந்து, எந்த மில், ஏன் போன வாரத்து எண்ணெய் காறியது என்று நிற்கவைத்துக் கேட்கலாம். சூப்பர்மார்க்கெட்டில் யாரைக் கேட்பது? அலமாரியையா?

சனிக்கிழமை மளிகை மட்டும் என்றைக்கும் அவருடைய வேலை. சில வாரம் நானும் கூடப் போவேன். கடைசியாகச் சேர்ந்து போனது பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை. கடையில் நல்ல கூட்டம். நான் ஏதோ சொல்லப்போய் எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. அப்படியிருக்க, மூன்று கிலோமீட்டர் வண்டி ஓட்டிக்கொண்டு இன்னொரு கடைக்கு ஏன் போகவேண்டும்?

அன்று மாலை கேட்டேன். "இந்தப் பருப்பு எங்க வாங்கினீங்க?"

பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி என் முகத்தையே பார்த்தார். "எது?"

"பருப்பு."

"ஓ. மெயின் ரோட்டுல. ஏசி நல்லா இருக்கு."

மே மாதத்தில்கூட ஏசியைப் போட்டதும் அணைக்க ரிமோட்டைத் தேடுகிறவர் சொல்கிற பதிலா இது?

அதன் பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனிக்க ஆரம்பித்தேன். சனிக்கிழமை போகும்போது மஞ்சப்பையோடு போகிறார். வரும்போது தெருமுனைக் கடை வாசல் வழியாக வராமல் பின்தெருவைச் சுற்றிக்கொண்டு வருகிறார். வீட்டில் எது சொன்னாலும் "ம்" என்கிறார். பேசும்போது கண்ணைப் பார்ப்பதில்லை, வாயைப் பார்க்கிறார். போதாக்குறைக்கு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வருடக்கணக்காகக் கடைசி பெஞ்சில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தவர், இப்போது முதல் வரிசையில் ஆயர் மூக்குக்கு நேராக உட்காருகிறார். கமிட்டி தேர்தலில் நிற்கத் திட்டம் போடுகிறார் என்று நினைத்தேன். கமிட்டியில் இருக்கும் யாரோ அந்த சூப்பர்மார்க்கெட்டில் பங்குதாரர் என்றும், ஓட்டுக்காக இவர் அங்கே பருப்பு வாங்குகிறார் என்றும் ஒரு கதையை முழுசாகக் கட்டி முடித்திருந்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

முதலில் தெருமுனைக் கடைக்குப் போய் விசாரித்தேன். கடைக்காரம்மா என்னைப் பார்த்ததும் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டார்.

"இன்னா டீச்சர், சார் கடைக்கே வர்றதில்ல. நம்மாண்ட எதுனா கோவமா?"

"நீங்க ஏதாவது சொன்னீங்களா?"

"நான் இன்னா சொல்லப்போறேன்? ரோட்ல போய்கினே கீறாரு, கூப்ட்டாலும் திரும்பறதில்ல. நாலு நாள் முன்னாடி இங்கேர்ந்து கூவுறேன், நேரா போறாரு. மனசே பேஜாராயிடுச்சு எனக்கு."

அந்த அம்மா எதையோ விழுங்குகிறார் என்று பட்டது. புளி வாங்கிக்கொண்டு திரும்பினேன். வீட்டுக்கு வந்து புளியைப் பிரித்து ஒவ்வொரு கொட்டையாகத் தேடினேன், கோபம் எதிலாவது தீரவேண்டுமே.

அடுத்த சனிக்கிழமை அவர் வண்டியை எடுத்த ஐந்தாவது நிமிடம் நான் ஷேர் ஆட்டோ ஏறினேன். கட்டிய கணவனைப் பின்தொடர்ந்து போவது அசிங்கம் என்று தெரியும். தெரிந்தேதான் போனேன். தாலி கட்டினவர் என்னிடம் எதையோ மறைக்கிறார், அது என்ன என்று தெரியாமல் ஒரு வாய் சோறு இறங்கவில்லை. வேறு ஒருத்தியாக இருக்குமோ என்ற எண்ணமும் ஆட்டோவில் பாதி வழியில் ஏறி உட்கார்ந்துகொண்டது, பொய் சொல்லமாட்டேன்.

சூப்பர்மார்க்கெட்டில் அரிசி மூட்டை அடுக்குக்குப் பின்னால் ஒரு கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் தள்ளுவண்டியோடு நிதானமாக நடந்தார். ஒவ்வொரு பாக்கெட்டையும் எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பின்பக்கம் முழுதும் படித்தார். யாரிடமும் ஒரு வார்த்தை இல்லை. யாரும் அவரிடமும் பேசவில்லை. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அந்த நிம்மதியைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் இந்த முகத்தைப் பார்த்து எத்தனை மாதமாகிறது?

பில் போடும் இடத்தில் வரிசை. இரண்டு பேருக்குப் பின்னால் நின்று பார்த்தேன். தன் முறை வந்ததும் சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். பெரிய எழுத்தில் எங்கள் போன் நம்பர். பில் போடும் பெண் கேட்பதற்கு முன்பே வைத்தார். அவள் நம்பரை அடித்ததும் மஞ்சப்பையைத் தூக்கிக் காட்டினார், பை வேண்டாம் என்று. அதையும் அவள் இன்னும் கேட்கவில்லை. பிறகு திரையில் தெரிந்த தொகையைப் பார்த்துப் பணத்தை எடுத்தார். பாடம் பண்ணி வைத்த மாதிரி எல்லாம் வரிசையாக நடந்தது.

ஆனால் அன்று அந்தப் பெண் ஒன்று கூடுதலாகக் கேட்டாள். "சார், இந்த எண்ணெய்க்கு இன்னொண்ணு ஃப்ரீ. எடுத்துட்டு வரீங்களா?"

அவர் மஞ்சப்பையைத் தூக்கிக் காட்டினார்.

"பை இல்ல சார். எண்ணெய். இன்னொரு பாக்கெட்."

மறுபடி பையைக் காட்டிச் சிரித்தார். பின்னால் நின்றவர் உச்சுக் கொட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை. ஒளிந்து நிற்கிறேன் என்பதே மறந்துபோய், "ஏங்க" என்றேன்.

நான் மெதுவாகப் பேசுகிறவள் இல்லை. பின்பெஞ்ச் வரைக்கும் கேட்கவேண்டிய குரல் என்னுடையது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். பக்கத்து வரிசையிலும் திரும்பினார்கள். முப்பத்தொரு வருடமாக அந்த ஒரு வார்த்தைக்குத் திரும்பிய மனிதர் மட்டும் திரும்பவில்லை. சிரித்த முகத்தோடு பையில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

கூடையை அப்படியே கீழே வைத்துவிட்டு வெளியே வந்தேன். கிடைத்த ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தபோதுதான் அவருடைய பழைய வேலை நினைவுக்கு வந்தது. பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவர் அவர், இரும்புத் தகட்டை அடித்து வளைக்கிற இடம். முதலில் அம்பத்தூர், பிறகு ஒரகடம், ரிட்டயர் ஆகும் நாள் வரை அந்தச் சத்தத்தில்தான் நின்றார். வாயைப் பார்த்தது, முதல் வரிசையில் உட்கார்ந்தது, எல்லாவற்றுக்கும் "ம்" என்றது, ஒவ்வொன்றாக வந்து மண்டையில் இடித்தது. அறிவியல் டீச்சர். மிளகாய்த்தூளைத் தண்ணீரில் போட்டுப் பார்க்கத் தெரிந்தது, இது தெரியவில்லை.

அவர் பின்தெரு வழியாக வந்தபோது நான் முன்னறையில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தேன். எதிரில் உட்காரச் சொன்னேன்.

"காது கேக்கலையா உங்களுக்கு?"

என் வாயையே பார்த்தார். பிறகு பையைக் கீழே வைத்தார். "வலது சுத்தமா இல்ல. இடதுல கொஞ்சம் இருக்கு. கூட்டத்துல அதுவும் இல்ல."

"அதான் கடைய மாத்தினீங்களா?"

"அங்க யாரும் எதுவும் கேக்கறதில்ல. பாத்து எடுக்கலாம். திரையில ரேட்டு வந்துடும்."

கேள்வி கேட்கலாம் என்று நான் ஒரு கடையைப் பிடித்துக்கொண்டேன். கேள்வி இல்லை என்று அவர் ஒரு கடையைத் தேடிப் போயிருக்கிறார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "ஊரெல்லாம் ஏமாத்தலாம், என்னையுமா?"

"சொன்னேனே."

"எப்ப சொன்னீங்க?"

"பொங்கலுக்கு முன்னாடி. நம்ம கடையில." அவர் குரலில் குற்றம் சொல்லும் தோரணையே இல்லை. "அந்தம்மா என்னமோ கேட்டாங்க. எனக்கு சரியா காது கேக்கலம்மான்னு சொன்னேன். நீ சொன்ன, அதெல்லாம் நல்லா கேக்கும், வேலை சொன்னா மட்டும் கேக்காது, நடிக்கிறாருன்னு. எல்லாரும் சிரிச்சாங்க."

எனக்கு நினைவு வந்தது. வாசலில் தொங்கிய கரும்புக்கட்டு, எள்ளுருண்டை பாட்டில், யாரோ ஒருவர் தொடையைத் தட்டிச் சிரித்தது எல்லாம் நினைவு வந்தது. ஸ்டாஃப் ரூமில்கூட அதே வார்த்தையைச் சொல்லிச் சிரிக்கவைத்திருக்கிறேன். அவர் முதல்முறையாகத் தைரியம் வந்து வாயைத் திறந்த இடத்தில், நாலு பேர் முன்னால், நான் நம்பவில்லை.

"சும்மா வேடிக்கைக்குச் சொன்னேன்," என்றேன்.

"தெரியும். சிரிச்சேனே."

மன்னிப்புக் கேட்டேன். கேட்டது அவருக்குப் புரியவேண்டும் என்று இரண்டுமுறை கேட்டேன். அவர் "பரவால்ல, விடு" என்று எழுந்துபோய் டிவி முன்னால் உட்கார்ந்தார். டிவியைப் போடவில்லை. திங்கட்கிழமை காது டாக்டரிடம் போவதாக முடிவாகியிருந்தது. நான் சமையலறைக்குப் போய்ப் பருப்பை டப்பாவில் கொட்டினேன். அதே பளபளப்பான பருப்பு.

இதோடு முடித்துவிட்டால் நான் நல்லவளாகத் தெரிவேன். ஆனால் நடந்தது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. பருப்பு டப்பாவை மூடும்போது அந்தப் பாழாய்ப்போன புத்தி மறுபடி எட்டிப் பார்த்தது. ஒரு காதில் கொஞ்சம் கேட்கும் என்றாரே, எவ்வளவு கேட்கும்? நான் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டே "ம்" போட்டிருந்தால்? சத்தமில்லாமல் அவருக்குப் பின்னால் போய் நின்றேன். நாலடி தூரம். சாதாரணக் குரலில், "ஏங்க, காபி வேணுமா?" என்றேன்.

அசையவில்லை. இன்னும் கொஞ்சம் கூட்டி மறுபடி சொன்னேன். அசையவில்லை.

அப்போதுதான் பார்த்தேன். அணைந்திருந்த டிவித் திரையில் ஜன்னல் வெளிச்சத்தில் நான் முழுசாகத் தெரிந்தேன். கையில் பருப்பு டப்பா, பேசி முடித்த வாய் எல்லாம். அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செக் பண்ணி முடிச்சிட்டியா?" என்றார், திரும்பாமலே.

நான் சுற்றிக்கொண்டு போய் அவருக்கு முன்னால் நின்று, வாய் நன்றாகத் தெரியும்படி, "முடிச்சிட்டேன்" என்றேன்.