நித்திலாவின் தட்டு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான், ஜாதகம்கூடப் பார்க்காமல் கல்யாணம் பண்ணிக்கொண்டவன், அதனால் இதைச் சொல்லும்போது நீங்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பீர்கள், பார்த்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

இரண்டாயிரத்து ஒன்று, கார்த்திகை மாதம். மூன்று முறை கரு கலைந்து, கடைசியில் என் மனைவி ரேவதிக்குக் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். ஒரு மாதமாக அவளுக்கு நாலு வாய்க்கு மேல் சோறு இறங்கவில்லை, இப்படியே விட்டால் இவளும் போய்விடுவாள் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. கடற்கரையையாவது பார்க்கட்டும் என்று மாமல்லபுரம் கூட்டிப்போனேன். அடைமழை, டூரிஸ்ட் ஒருத்தர் இல்லை, ஹோட்டல்கள் பாதி மூடிக் கிடந்தன.

ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் ‘பாத்திர மியூசியம், சாப்பாடு உண்டு’ என்று போர்டு இருந்தது. ஜனங்கள் எடைக்குப் போட்ட பாத்திரங்களில் பேர் வெட்டியதாகப் பார்த்து ஒரு பழைய பாத்திரக்கடைக்காரர் சேர்த்து வைத்திருந்தார், அலமாரி அலமாரியாக யார் யார் வீட்டுச் சீர்வரிசையோ. சாப்பாடும் அதிலேதான் போடுவார், கிறுக்குத்தனம்தான்.

எனக்குப் பெரிய தட்டு, ரேவதிக்குக் குழந்தைகள் சாப்பிடுகிற சின்ன எவர்சில்வர் தட்டு. ரசம் சாதம், அப்பளம். நம்பினால் நம்புங்கள், மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் கை நின்றுவிட்டது. தட்டின் விளிம்பில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது: ‘சீ. நித்திலா காதணி விழா. மாமன் தயாளன் அன்பளிப்பு.’

என் பெயர் சீனிவாசன். நித்திலா என்பது முதல் கருவின்போது நாங்கள் இரண்டு பேர் மட்டும் பேசி வைத்த பெயர், கலைந்த பிறகு எங்களுக்குள்கூட அதை வாயால் சொன்னதில்லை. தயாளன் ரேவதியின் தம்பி, லாரியில் அடிபட்டு அவன் செத்து அப்போதே இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தட்டு புதுசும் இல்லை, யாரோ ஒரு குழந்தை வருஷக்கணக்காகச் சாப்பிட்டுச் சாப்பிட்டு விழுந்த கீறல்கள்.

“இத எனக்குக் குடுத்துடுங்களேன்,” என்று ரேவதி கேட்டாள்.

“பேருக்கு உரியவங்க வந்து கேட்டா குடுத்துடுவேம்மா, அதான் இங்க வழக்கம். உன் பாப்பாதுன்னா பாப்பாவ இட்டுகினு வா, அது கையிலயே குடுக்கறேன்.”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ரேவதி “சரிங்க” என்று தலையாட்டிவிட்டுக் கை கழுவப் போனாள். குழாயடியில் அவள் அழுதது மழையையும் மீறிக் கேட்டது, நான் போய்ப் பக்கத்தில் நிற்கவில்லை, எனக்குத் தைரியம் இல்லை.

பத்து நாள் கழித்து நான் மட்டும் போனேன், காலில் விழுந்தாவது வாங்கிவிடலாம் என்று.

“அது நேத்தே பூட்ச்சே சார்,” என்றார் அவர். “பாப்பாவே வந்துச்சி, மாமன்காரரு இட்டுகினு வந்தாரு. அம்மாவுக்குக் காட்டணும்னு பையில வெச்சிகினு போச்சி. இன்னா, வூட்டுக்கு வந்து சேரலயா? கூடுவாஞ்சேரி பஸ்ஸு எங்க நிக்கும்னு கேட்டாங்களே.”

எங்கள் வீடு கூடுவாஞ்சேரியில். அவரிடம் நான் ஊர் பேரைச் சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்லவில்லை.

ரேவதியிடம் இதை இன்றுவரை சொல்லவில்லை. எவ்வளவோ நல்ல வீடுகள் அமைந்தன, வேலையில் மாற்றல்கூட வந்தது, நான் நகரவில்லை, காரணம் தெரியாமல் அவள் என்னோடு சண்டை போடுவாள். மாமல்லபுரத்திலிருந்து பஸ் எவ்வளவு நேரம் ஆகிவிடும், மிஞ்சிப்போனால் இரண்டு மணி நேரம். இன்னும் அவர்கள் வரவில்லை.