குவேக்கர் வீட்டில் ஒரு மணி நேரம்

1994 ஒக்டோபரில் ஒரு ஞாயிறு, காலை எட்டரைக்கு நாங்கள் குடியிருக்கும் மோர்னிங்சைட்டிலிருந்து புறப்பட்டோம். காரில் நானும், இரண்டு வருடமாக என்னோடு ஒரே அறையில் இருக்கும் பரஞ்சோதியும். வியாழக்கிழமை அவனுக்கு அகதி விசாரணை. ஊரில் ராணுவம் அவன் தம்பியைப் பிடித்துப்போன கதையைச் சொன்னால்தான் வழக்கு நிற்கும். வக்கீல் இரண்டு தடவை கேட்டும் அவன் வாய் திறக்கவில்லை. ஆதரவுக் கடிதமாவது கிடைக்கட்டும் என்று, அகதிகளுக்கு உதவும் மார்கரெட் அம்மாவிடம் வக்கீல் எங்களை அனுப்பினார். மொழிபெயர்ப்பு என் பொறுப்பு. வாய் ஓயாதவனுக்கு ஏற்ற வேலைதான்.

வழியில் இரண்டு கோப்பி, ஒரு டொலர் எழுபது சதம். வடக்கே ஐம்பத்தெட்டு கிலோமீற்றர் ஓடி ஒன்பதே முக்காலுக்குச் சேர்ந்தோம்.

சின்ன வீடு. தடித்த மரத்தூண்களையும் விட்டங்களையும் ஆணியில்லாமல் மர முளை அடித்துப் பொருத்தியிருக்கிறார்கள். கோடாலி கொத்திய தடம் இன்னும் தெரிகிறது. முன்பு குவேக்கர் என்ற கிறிஸ்தவர்களின் வழிபாட்டு வீடு. இப்போது மார்கரெட் குடியிருக்கிறார். மாதம் ஒரு ஞாயிறு பழைய முறைப்படி ஐந்தாறு பேர் கூடுவார்களாம்.

"பாதிரியார் எத்தனை மணிக்கு வருவார்?" என்று கேட்டேன்.

"பாதிரியார் இல்லை. பேசாமல் இருப்போம். யாருக்காவது சொல்லத் தோன்றினால் எழுந்து சொல்லலாம். கடிதத்தைப் பிறகு பார்ப்போம்" என்றார். பரஞ்சோதிக்குத் தமிழில் சொன்னேன்.

சுற்றிவரக் கிடந்த மர வாங்குகளில் மார்கரெட்டும் வந்த ஐந்து பேரும் பத்து மணிக்கு உட்கார்ந்தார்கள். கும்பிடும் இடத்தில் உயர இருப்பது மரியாதையில்லை என்று, சப்பாத்தைக் கழற்றிவிட்டு நாங்கள் நிலத்தில் சப்பாணி கட்டினோம். ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்குத்தான் பத்து நிமிடத்திலேயே நாக்கு அரித்தது.

பத்து முப்பத்தைந்துக்குப் பரஞ்சோதி எழுந்தான்.

"தம்பியைக் காலமை வந்து கொண்டு போனவங்கள். நான் அறைக்குள்ளை பெட்டியளுக்குப் பின்னாலை ஒளிச்சிருந்தனான். அவன் என்னைக் காட்டிக் குடுக்கேல்லை."

மொழிபெயர்க்க நானும் எழும்பினேன். என்னை இருக்கும்படி மார்கரெட் கை காட்டினார். ஒரு சொல்லும் விளங்காத அந்த ஆறு பேரும் அசையாமல் இருந்தார்கள். அவன் நின்று அழுது முடித்துப் பிறகு நிலத்தில் இருந்தான்.

பதினொன்றரைக்குக் கடிதத்தோடு திரும்பினோம்.

"வியாழக்கிழமை சொல்லுவன், அண்ணை" என்றான்.

"இவ்வளவு நாளும் எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொல்ல வெளிக்கிட்ட நேரமெல்லாம் நீங்கள் கதைச்சுக்கொண்டிருந்தீங்கள்."

அவன் கோபத்தில் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

அறைக்கு வந்ததும், வழக்கம்போல் தொலைக்காட்சியைப் போடாமல், தம்பியின் பெயரைக் கேட்டேன். இரண்டு வருடத்தில் அதைக்கூட நான் கேட்டிருக்கவில்லை.