கட்டிலுக்கு எதிரே நாணல்

பக்கவாதம் வந்து படுத்த நாளிலிருந்து லாரிக்காரரின் கண்ணெதிரே இருந்தது ஒரே காட்சிதான்: ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சிமென்ட் சுவர். ஊர் ஊராகச் சுற்றிய கண்களுக்கு இப்படி ஒரு தண்டனையா!

"சுவரையே பாத்துப் பாத்து நானும் சுவராயிட்டேன்டி" என்றார் ஒரு நாள்.

சாலையோரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து ஆடும் நாணலைப் பற்றி அவர் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் அவர் மனைவி, அன்று வேலை முடிந்ததும் ஓடைக்கரையில் நாலு நாணல் தூர்களை வேரோடு பெயர்த்துச் சாக்கில் சுமந்து வந்து, ஜன்னலுக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே நட்டாள்.

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, புல்லு நடுறே, மாடு வாங்கப் போறியா?"

"ஆமா, பால் கறக்க நீ வந்துடு."

முதல் வருடம் வேர்தான் ஓடியது. இரண்டாம் வருடம் இடுப்புயரம். கோடை முடிவில் காய்ந்த தாளை ஒரு சாண் விட்டு அறுத்தாள். மழை விழுந்ததும் புதுத் தளிர் குபுகுபுவென்று கிளம்பியது.

"இந்தத் தடவை பூக்குமாடி?"

"பூக்காம எங்க போகும்?"

அந்த மழையிலேயே அவருக்கு மூச்சுத் திணறல். இரண்டு மாதம் ஆஸ்பத்திரி. கடைசியில் டாக்டர், "வீட்ல வச்சுப் பாத்துக்குங்கம்மா" என்றார். அதன் அர்த்தம் அவளுக்குத் தெரியாதா?

அவரை அழைத்து வருவதற்கு முந்தின நாள் அவள் மட்டும் வீட்டுக்கு ஓடி வந்தாள். ஆளுயரத்துக்கு நாணல், காற்றில் சாய்ந்து, குப்பையும் சருகும் சிக்கி, அலங்கோலமாக நின்றது; பூ ஒன்றைக்கூடக் காணோம். இதையா அவர் வந்து பார்க்க வேண்டும்? அரிவாளை எடுத்து, கோடையில் செய்வதைப் போலவே, ஒரு சாண் விட்டு அறுத்துத் தள்ளினாள்.

அள்ளும்போது ஒரு தண்டு கையில் பிளந்தது. உள்ளே ஈரமாய், சுருண்டு, இன்னும் வெளியே வராத பூ. இன்னொன்றைப் பிளந்தாள். அதிலும் பூ. ஒவ்வொன்றிலும் பூ!

"பாவி, நானே அறுத்துட்டேனே!" என்று குவியலின்மேல் விழுந்து அழுதாள்.

மறுநாள் கட்டிலில் படுத்ததும் அவர் ஜன்னலைப் பார்த்தார். சுவர். அவள் எதையும் மறைக்கவில்லை. தண்டிலிருந்து உரித்தெடுத்த ஒரு பூவை அவருடைய உணர்வுள்ள கையில் வைத்தாள். அவர் அதைக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டார்.

"அழாதடி. பூத்திருக்கில்ல?"

அவர் பத்து நாள்கூடத் தாங்கவில்லை.

அடுத்த வருடம் ஜன்னல் முழுக்க வெள்ளை. சுவர் இருந்த இடமே தெரியவில்லை. கட்டிலைக் கொடுத்துவிடலாம் என்றாள் வந்திருந்த மகள்.

"பூவெல்லாம் உதிரட்டும்டி. அப்புறம் எடுத்துட்டுப் போ" என்று சொல்லி, காலிக் கட்டிலில் அவருடைய தலையணையை ஜன்னல் பக்கமாகத் திருப்பி வைத்தாள் அம்மா.